பென்சிலில் போட்ட அடையாளம்

ஜூன் 10, திங்கள்

இந்த டைரி எங்கள் கம்பெனியில் அச்சடித்ததுதான். பைண்டிங்கில் யாரோ ஜூலை 9, 10 தாளை இரண்டு தடவை சேர்த்துவிட்டதால் கழிவில் தூக்கிப் போட்டிருந்தார்கள். நான் எடுத்து வந்தேன். சிவகாசியில் பிறந்துவிட்டுக் கடையில் போய் டைரி வாங்கினால் ஊர் சிரிக்கும். ஐந்து மாதமாக ஒன்றும் எழுதாமல் கிடந்தது. இன்று எழுத விஷயம் வந்துவிட்டது.

காலையில் அண்ணாச்சி ஆர்டர் செக்‌ஷனுக்கு ஓர் அம்மாவை அழைத்து வந்தார். அண்ணாச்சி என்றால் எங்கள் முதலாளி ராஜரத்தினம். காலண்டர் கம்பெனியில் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். வந்த அம்மா கோயம்புத்தூர் சாஃப்ட்வேர் கம்பெனி. பெயர் கோகிலவாணி. நாற்பது வயதிருக்கும். தோளில் லேப்டாப் பை, கையில் கலர் கலராக ஒட்டுச் சீட்டு.

"இனிமே ஏஜென்ட்டுக எல்லாம் போன்லயே ஆர்டர் போடுவாக. ஃபாரம் கிடையாது, பேனா கிடையாது. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர் பட ஆல்பம் வெளியிடுறப்ப ஆப்பும் ரெடியா இருக்கணும்" என்றார் அண்ணாச்சி. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "அதுக்கப்புறம் இந்த செக்‌ஷனுக்கு மூணு பேரு எதுக்கு? ஒருத்தர் போதும். மத்த ரெண்டு பேரும் கீழ பைண்டிங்குக்குப் போயிருங்க."

கறிவேப்பிலை வாங்கி வா என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த மூன்று பேர் நான், பேச்சியம்மாள், மாரீஸ்வரி. பைண்டிங் என்பது நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. பேச்சியம்மாளுக்கு முழங்கால் தேய்ந்து போயிருக்கிறது. மாரீஸ்வரி வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. கீழே போகப்போவது யார் யார் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

"வணக்கமுங்க்கா. உங்ககூட சேர்ந்துதான் இதைப் பண்ணப் போறோமுங்க" என்றார் அந்தம்மா. நல்ல சிரிப்பு. எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 11

"நீங்க என்னென்ன பண்றீங்கன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்க்கா" என்று என் முன்னால் உட்கார்ந்தார் கோகிலவாணி மேடம்.

"ஆர்டர் எடுப்போம்."

"அப்புறமுங்க்கா?"

"எடுத்த ஆர்டரை அச்சுக்கு அனுப்புவோம்."

"நடுவுல?"

"டீ குடிப்போம்."

அதையும் எழுதிக்கொண்டார். பேச்சியம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

பென்சில் விஷயத்தை நான் சொல்லவில்லை. அது எங்கள் மூன்று பேரின் சௌகரியத்துக்காக வைத்துக்கொண்டது, வேறு யாருக்கும் அதனால் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஆர்டர் ஃபாரத்தின் வலது மூலையிலும் பென்சிலால் சின்னதாக ஓர் அடையாளம் போடுவோம். வட்டம் போட்டிருந்தால், இவர் போன வருஷத்துப் படத்தைத் தவிர வேறு எதையும் வாங்க மாட்டார் என்று அர்த்தம். இரண்டு புள்ளி இருந்தால், இவர் சரி என்று சொன்னாலும் இவருடைய சம்சாரம் சரி என்று சொல்லும்வரை அச்சடிக்கக் கூடாது. இப்படி நிறைய இருக்கின்றன. அந்தம்மா கேட்டால் சொல்லலாம். கேட்கவில்லை.

ஜூன் 13

மிக்ஸி மறுபடியும் கரகரக்கிறது. துவையலை அம்மியில் அரைத்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது.

ஜூன் 18

ஆறு வருஷத்து ஃபாரங்களை ஸ்கேன் எடுக்க இரண்டு பேர் மெஷினோடு வந்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் பெயர், கடை பெயர், வாங்கிய படத்தின் நம்பர் எல்லாம் அப்படியே கம்ப்யூட்டருக்குப் போய்விடுமாம். கத்தை கத்தையாக உள்ளே போய்க் கத்தை கத்தையாக வெளியே வருகிறது. மாரீஸ்வரி வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள். நான் சத்தம் போட்டேன். பிறகு நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

ஜூன் 19

ஸ்கேன் எடுத்து முடித்த ஃபாரங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடச் சொல்லி அண்ணாச்சி உத்தரவு. நான் எல்லாவற்றையும் கட்டுக் கட்டாகக் கட்டி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் பையில். கரையான் சீசன் என்பதால்தான் அப்படிச் செய்தேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜூன் 20

ஸ்கேன் ஆன ஃபாரங்களில் பத்தைப் பிரிண்ட் எடுத்து மேடம் கொண்டுவந்து காட்டினார். பளிச்சென்று இருந்தன. டீக் கறை இல்லை, கைரேகை இல்லை, மடிப்பு இல்லை.

"அழுக்கு, கறையெல்லாம் மெஷினே க்ளீன் பண்ணிருமுங்க. எல்லாம் சரியா இருக்குதுங்களா, பார்த்துச் சொல்லுங்க்கா."

ஒவ்வொன்றாகப் புரட்டினேன். வலது மூலை பத்திலும் வெள்ளை வெளேரென்று இருந்தது. மாரீஸ்வரி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா, நம்ம புள்ளியெல்லாம் காணு..." என்று ஆரம்பித்தாள். அவளை டீ வாங்க அனுப்பினேன்.

"எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுது மேடம்" என்றேன்.

எழுத்து நல்லாத்தான் தெரிந்தது. நான் பொய் சொல்லவில்லை.

ஜூன் 21

மேடம் எங்கள் சுவரில் ஒரு பெரிய அட்டையை மாட்டி, அதில் ஒட்டுச் சீட்டுகளை வரிசையாக ஒட்டியிருக்கிறார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு. வேலை முடிந்தால் சீட்டு வலது பக்கம் நகரும். எங்கள் மூன்று பேரின் பெயரிலும் ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு இருக்கிறது. "புஷ்பக்கா" என்று எழுதியிருந்த என் சீட்டில் மட்டும் மூலையில் சிவப்புப் புள்ளி. தங்கபுஷ்பம் என்று முழுப் பெயர் போடாவிட்டாலும் பொட்டு வைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 26

மேடம் மத்தியானம் எங்களோடு சாப்பிட ஆரம்பித்துவிட்டார். ஆபீசர்களின் ஏசி அறையில் அவருக்குத் தனி மேஜை போட்டிருக்கிறார்கள், அங்கே போவதில்லை. இன்று தங்கியிருக்கிற வீட்டில் சமைத்ததாக அரிசிம்பருப்பு சாதம் கொண்டுவந்தார். நெய் மணத்தது. பேச்சியம்மாள் தன் குழம்பை அவரிடம் தள்ளிவிட்டு அவர் டப்பாவைக் காலி செய்தாள். கூச்சம் என்பது மருந்துக்கும் கிடையாது இவளுக்கு.

படியேறும்போது பேச்சியம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, "எந்தக் காலுங்க்கா வலிக்குது?" என்று கேட்டார் மேடம். எந்தக் கால் என்று பதினாறு வருஷத்தில் நான்கூடக் கேட்டதில்லை. இடது காலாம்.

ஜூலை 1

வெள்ளோட்டம். பழைய வாடிக்கையாளர்கள் நாற்பது பேருக்குப் புது ஆல்பத்துப் படங்களில் ஆப்பே மாதிரிக் காலண்டர் தயார் செய்து அனுப்பப்போகிறது. போன வருஷம் வாங்கிய படம் இப்போது இல்லையென்றால் அடுத்த நம்பர் படத்தை ஆப் தானாகவே எடுத்துக்கொள்ளுமாம். எட்டாம் தேதி சாயங்காலம் எல்லோருக்கும் வாட்ஸாப்பில் போய்விடும்.

நாற்பது பேரின் பட்டியலை ஒரு பார்வை பார்த்தேன். எனக்கு அவர்கள் எல்லோரையும் தெரியும். பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 6

மிக்ஸியைக் கடைக்குத் தூக்கிப் போனோம். மெக்கானிக், "என்னக்கா பிரச்சினை?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். சட்னிக்குச் சத்தம் இல்லை, துவையலுக்கு மட்டும் வருகிறது, அதுவும் மூன்றாவது சுற்றில், ஜாரை இடது பக்கம் சாய்த்துப் பிடித்தால் நிற்கிறது, போன மார்ச்சில் ஒரு தடவை ஸ்பூன் உள்ளே விழுந்தது என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன்.

"இவ்வளவு விவரமா யாருமே சொல்ல மாட்டாகக்கா" என்று மெக்கானிக் பத்து நிமிஷத்தில் சரி செய்து கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், "மிக்ஸிக்காரர்ட்ட மட்டும் ஒண்ணு விடாமச் சொல்லுதியே" என்றார். எதற்காக அப்படிச் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆபீஸ் கதையை இவரிடம் சொன்னது தப்பாகப் போயிற்று.

ஜூலை 8

மாதிரிகள் போய்விட்டன. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வெயில்.

ஜூலை 9

முதல் போன் ஒன்பது மணிக்கு. ராஜபாளையத்துக் கல்யாண மண்டபக்காரர். அவர் போன வருஷம் வாங்கியது மீனாட்சி திருக்கல்யாணம், நம்பர் 114. அந்தப் படம் இந்த வருஷம் ஆல்பத்தில் இல்லை. அடுத்த நம்பர் 115 ஆஞ்சநேயர்.

"கல்யாண மண்டபத்துக்குப் பிரம்மச்சாரி சாமியப் போட்டு அனுப்பிருக்கீகளே! எவனாவது எங்கிட்ட முகூர்த்தத்துக்கு மண்டபம் கேப்பானா?" ஸ்பீக்கரில் போடாமலே மூன்று மேஜைக்கும் கேட்டது.

இரண்டாவது விருதுநகர் பலசரக்குக் கடை அண்ணன். மூன்றாவது அதே கடைத் தம்பி. சென்ற பொங்கலோடு பாகம் பிரித்துத் தனித்தனிக் கடை வைத்துவிட்ட இருவர் பெயரையும் ஆப் ஒரே காலண்டரில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டது. அதன் பிறகு வந்த போன்களை நான் எண்ணவில்லை.

அண்ணாச்சி மேலே வந்தார். எல்லோர் முன்னாலும் மேடத்தைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷத்துப் பெயர் ஒரே நாளில் போய்விட்டது என்றார். அந்தம்மா நின்றுகொண்டே கேட்டார். கடைசியில், "தப்பு என்னோடதுங்க. நான் சரியாக் கேக்கலைங்க" என்று மட்டும் சொன்னார். எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வாங்க, கணக்கு முடிச்சு அனுப்பிர்றேன்" என்றார் அண்ணாச்சி.

ஆக ஆப் வராது. எங்கள் நாற்காலிக்கு ஆபத்து இல்லை. மகிழ்ச்சி.

ஜூலை 9 (இரண்டாவது)

இந்தப் பக்கம் எப்படியும் கழிவுப் பக்கம்தான். அதனால் நிஜத்தை எழுதுகிறேன்.

எனக்கு மகிழ்ச்சியாக இல்லை. அவமானமாக இருக்கிறது.

மண்டபக்காரர் ஃபாரத்தில் பெருக்கல் குறி இருக்கிறது. போட்டவள் நான். ஆஞ்சநேயர் வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். விருதுநகர் ஃபாரத்தில் கோழிக்கால் குறி இருக்கிறது. கூட்டாளிகள் பிரிந்துவிட்டார்கள், கேட்காமல் பெயர் போடாதே என்று அர்த்தம். அதைப் பேச்சியம்மாள் போட்டாள். மெஷின் இரண்டையும் அழுக்கு என்று துடைத்துவிட்டது. துடைத்ததை ஜூன் இருபதாம் தேதியே பார்த்தேன். பட்டியலைப் பார்த்தபோதும் எந்தெந்த வீட்டில் நெருப்புப் பற்றும் என்று தெரிந்தது. கரையானுக்குப் பயந்து ஒன்றும் பீரோவைப் பூட்டவில்லை. அந்தக் காகிதங்கள் வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் பூட்டினேன்.

பேச்சியம்மாள் கீழே போகக் கூடாது என்று நினைத்தது தப்பில்லை. அதற்காக, அவள் கால் வலியைக் கேட்ட ஒரே ஆளை ஊருக்கு அனுப்பப் பார்த்தது தப்பு.

ஜூலை 10

ஒன்பதரைக்கே பீரோவைத் திறந்து ஒரு கட்டு ஃபாரத்தை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி அறைக்குப் போனேன். மேடம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். லேப்டாப் பை மடியில் இருந்தது.

கல்யாண மண்டபத்து ஃபாரத்தை மேஜையில் வைத்தேன். அண்ணாச்சி மூலையைப் பார்த்தார்.

"இது என்ன?"

"ஆஞ்சநேயர் வேண்டாம்னு அர்த்தம் அண்ணாச்சி."

அடுத்ததை வைத்தேன்.

"இது?"

"கோழிக்கால். கூட்டாளிக பிரிஞ்சுட்டாகன்னு அர்த்தம்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "இப்படித்தான் நடக்குதா என் கம்பெனி?"

"இருபத்திரண்டு வருஷமா இப்படித்தான் அண்ணாச்சி."

"ஸ்கேன்ல இது அழிஞ்சது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

கேட்கவில்லை என்கிற பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். "சொன்னா ஆப் நல்லா வந்துரும். வந்துட்டா பேச்சியும் மாரியும் கீழ போகணும். பேச்சி கால வச்சுக்கிட்டு ஒரு வாரம் நிக்க மாட்டா. அதான் சொல்லல. மேடம் மேல தப்பு இல்ல." ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். "பேச்சிக்குக் கால் வலின்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே?"

"நீங்க கேக்கலையே அண்ணாச்சி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. முதலில் சிரித்தது மேடம். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். அண்ணாச்சி முறைக்கப் பார்த்தார், முடியவில்லை, அவரும் சிரித்துவிட்டார்.

"ஒரு நிமிஷமுங்க" என்று மேடம் ஃபாரங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு மூலையையும் விரலால் தடவினார். "இந்த மாதிரி எத்தனை மார்க்குங்க்கா இருக்கும்?"

"ஒரு முப்பது இருக்கும்."

"ஒரு மாசமா இதைத்தானுங்க தேடிட்டு இருந்தேன். நடுவுல என்ன பண்றீங்கன்னு கேட்டனே, அது இதுதானுங்க." அண்ணாச்சியிடம் திரும்பினார். "சார், இதை எல்லாம் உள்ள ஏத்துனா ஆப் ஓடுமுங்க. ஆனா எனக்கு இந்த மூணு பேரும் வேணுமுங்க. ஒருத்தர் பத்தாது."

"ஆடிப் பதினெட்டு வரைக்கும் டைம். ஓடலைன்னா எல்லாரும் கீழதான்" என்றார் அண்ணாச்சி. பிறகு கொஞ்சம் யோசித்து, "நானும் உங்களோட வந்துருவேன்" என்றார்.

ஜூலை 10 (இரண்டாவது)

இன்னொரு கழிவுப் பக்கம். அடையாளங்களை எழுதி வைத்துக்கொள்ள உதவுகிறது. மொத்தம் முப்பத்தொன்று. எல்லாவற்றையும் எழுத இடமில்லை. முக்கியமானவை: வட்டம், இரண்டு புள்ளி, பெருக்கல், கோழிக்கால். அரைப் பிறை என்றால் மத்தியானம் தூங்குகிறவர், நாலு மணிக்கு மேல் கூப்பிடு. ஏணி என்றால் எழுத்து பெரிதாக வேண்டும், கண் தெரியாது, ஆனால் கண் தெரியாது என்று சொன்னால் கோபம் வரும். குட்டி வீடு என்றால் இவர் சிவகாசிக்கு வந்தால் நம் வீட்டில் சாப்பிடாமல் அனுப்பக் கூடாது. இந்தக் குட்டி வீடு நாலாயிரத்துச் சொச்சம் ஃபாரத்தில் மூன்றே மூன்று பேருக்குத்தான் இருக்கிறது.

சாத்தூர் ஏஜென்ட் அனுப்பிய ஃபாரங்களில் மட்டும் ஒரு பூப் படம் இருந்தது. எனக்கும் தெரியவில்லை, பேச்சியம்மாளுக்கும் தெரியவில்லை. மேடம் மாரீஸ்வரியிடம் கேட்டார்.

"அது ஆர்டர் சம்பந்தப்பட்டது இல்லக்கா" என்று மாரீஸ்வரி தரையைப் பார்த்தாள்.

மேடம் பூவைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். ஆக முப்பத்தொன்றில் ஒன்று கழித்து முப்பது.

ஜூலை 12

மேடம் என்று கூப்பிட வேண்டாம், கோகிலா என்றே கூப்பிடுங்கள் என்றார். சரி என்றேன். இன்றுமுதல் இந்த டைரியிலும் "அவர்" இல்லை, "அவள்"தான். நான் எட்டு வயது மூத்தவள், உரிமை உண்டு.

ஜூலை 15

கோகிலா ஒரு புது வழக்கம் ஆரம்பித்திருக்கிறாள். நாலு மணி டீ வேளையில் நாலு பேரும் உட்கார்ந்து, யாரும் கேட்காத ஒரு விஷயத்தை ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரிய விஷயமாக இருக்க வேண்டும் என்று இல்லை.

முதல் நாள். பேச்சியம்மாள், தன் பேரனுக்குப் பல் முளைத்திருக்கிறது என்றாள். கோகிலா அதையும் கவனமாகக் கேட்டாள். மாரீஸ்வரி, ஏஜென்ட்கள் பைக்கில் உட்கார்ந்தபடி ஒரு கையில்தான் போனைப் பிடிப்பார்கள், பட்டன் மேல் மூலையில் இருந்தால் கட்டை விரல் எட்டாது என்றாள். கோகிலா டீயை அப்படியே வைத்துவிட்டு எழுதிக்கொண்டாள். நான், நம் ஏஜென்ட்களில் பாதிப் பேர் படத்தின் நம்பரைப் பார்ப்பதே இல்லை, "பச்சைப் புடவை லட்சுமி", "மயில் வலது பக்கம் பார்க்கிற முருகன்" என்றுதான் கேட்பார்கள் என்று சொன்னேன்.

பிறகு கோகிலா முறை. "எனக்கு ஒண்ணும் புரியாதப்போ நான் தலையாட்டிருவேனுங்க்கா. வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து அப்படித்தான். புரியலைன்னு சொன்னா இவங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னு நெனச்சுக்குவாங்களோன்னு பயமுங்க."

கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கும் அந்தப் பயம் உண்டு என்று இன்றுதான் தெரிந்தது.

ஜூலை 22

நல்ல வேளை, நாலு மணி டீ இருந்தது.

கோகிலா அடையாளங்களை எல்லாம் ஆப்பில் ஏற்றிவிட்டாள். கோழிக்காலுக்குப் பதிலாகச் சிவப்பு எழுத்தில் "கூட்டாளிகள் சண்டை" என்று பளிச்சென்று வரும். இரண்டு புள்ளிக்குப் பதிலாக "மனைவியின் சம்மதம் தேவை". பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

டீ வேளையில் பேச்சியம்மாள் வடையைப் பிய்த்துக்கொண்டே, "ஏஜென்ட் ஆர்டர் போடுறப்ப கடைக்காரரு பக்கத்துலயேதான உக்காந்திருப்பாரு? போன எட்டித்தான பார்ப்பாரு?" என்றாள்.

நாலு பேரும் டம்ளரைக் கீழே வைத்தோம்.

"மனைவியின் சம்மதம் தேவை" என்று தன் பெயருக்கு மேலே எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு எந்தக் கடைக்காரர் எங்களிடம் காலண்டர் வாங்குவார்? கோகிலா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு பேச்சியம்மாளைக் கட்டிப்பிடித்தாள். வடை எண்ணெய் அவள் சுடிதாரில் ஒட்டிக்கொண்டது.

எழுத்து எல்லாம் போய்விட்டது. எங்கள் பழைய அடையாளங்களே, பென்சில் நிறத்தில், எங்கள் திரையின் வலது மூலையில் மட்டும் வரும். ஏஜென்ட்டின் போனில் ஒன்றும் தெரியாது. கோழிக்காலை நான்தான் காகிதத்தில் வரைந்து கொடுத்தேன். என் கோழிக்கால் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. வீட்டில் வந்து சொன்னால் இவர் நம்பவில்லை.

ஜூலை 30

நாலாயிரத்து இருநூறு ஃபாரம். எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து ஏற்றி முடித்தோம். விரல் நுனியெல்லாம் பென்சில் கரி. பேச்சியம்மாள் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சொல்லச் சொல்ல, மாரீஸ்வரி தட்டினாள். நான் சரிபார்த்தேன். கோகிலா பூரா நாளும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 2

நாளை ஆடிப் பதினெட்டு. மிக்ஸி நன்றாக ஓடுகிறது. கரகரப்பு இப்போது எனக்கு ஒட்டிக்கொண்டது.

ஆகஸ்ட் 3, சனி, ஆடிப் பதினெட்டு

பூஜை ஏழரைக்கு. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், மாலை. கோகிலாவின் லேப்டாப்புக்கும் பேச்சியம்மாள் பொட்டு வைத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாள். அண்ணாச்சி புது ஆல்பத்தைத் திறந்து முதல் பிரதியை மூத்த ஏஜென்ட் கையில் கொடுத்தார். வந்திருந்த ஏஜென்ட்களுக்குக் கேசரி, வடை. ஆளுக்கொரு ஆல்பத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பைக்கைக் கிளப்பினார்கள்.

பத்தரை வரை ஒன்றும் வரவில்லை. நாலு பேரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பத்தே முக்காலுக்கு முதல் ஆர்டர் விழுந்தது. சாத்தூர். மாரீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்புறம் மழை பிடித்ததுபோல் வர ஆரம்பித்தன. பதினொன்றரைக்கு ராஜபாளையத்திலிருந்து ஓர் ஆர்டர். கல்யாண மண்டபம். நான் சாமியிடம் வேண்டியதெல்லாம் பலித்தது. மனிதர் எங்களை விட்டுப் போகவில்லை. ஆனால் ஏஜென்ட் புது ஆள். ஆல்பத்திலேயே அழகான படம் என்று அவர் அழுத்தியிருந்தது 115.

ஆஞ்சநேயர் மறுபடியும்!

திரையின் வலது மூலையில், பென்சில் நிறத்தில், நான் வரைந்த பெருக்கல் குறி வந்து நின்றது.

மாரீஸ்வரி மண்டபக்காரருக்குப் போன் போட்டாள். "அண்ணாச்சி, உங்க ஆர்டர் வந்துருச்சு. மண்டபத்துக்குச் சீனிவாச கல்யாணம் புதுசா வந்திருக்கு, 131. அதைப் போட்டுருவமா?"

அந்தப் பக்கம் மண்டபக்காரர், "அந்தப் பையன் எதையோ அமுக்கிட்டான்னு இப்பத்தான் சத்தம் போட்டுக்கிட்டு இருந்தேன். உங்களுக்கு எப்படிம்மா அதுக்குள்ள தெரிஞ்சது?" என்றார்.

"உங்களைத் தெரியாதா அண்ணாச்சி" என்றாள் மாரீஸ்வரி. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. கோகிலா என் கையை இறுகப் பிடித்திருந்தாள். வளையல் அழுந்தி வலித்தது. நான் எடுக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் முந்நூற்றுப் பதினேழு ஆர்டர். ஒரு புகார் போன் இல்லை.

ஐந்து மணிக்குப் படியில் மூச்சு வாங்கும் சத்தம். அண்ணாச்சி தன் அறையிலிருந்த குஷன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு மேலே வந்தார். பேச்சியம்மாளின் மர நாற்காலியை நகர்த்திவிட்டு அதைப் போட்டார்.

"உக்காரு பேச்சி. எந்தக் கால்?"

"இடது கால், அண்ணாச்சி."

"திங்கக்கிழமை பைண்டிங்ல இருந்து ஒரு பிள்ளைய மேல அனுப்புறேன். இந்த மார்க்கெல்லாம் பழக்கிக் கொடுங்க. இவ்வளவு ஆர்டருக்கு மூணு பேரு பத்தாது."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். பேச்சியம்மாள் புது நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். நாங்களும் அழுதோம். பிறகு மிச்சமிருந்த கேசரியைச் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 5

கோகிலா நாளைக் காலை பஸ்ஸில் கிளம்புகிறாள். சுவரில் இருந்த அட்டையைக் கழற்றினாள். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தபோது என் மஞ்சள் சீட்டைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"இந்தச் சிவப்புப் புள்ளி என்ன கோகிலா? ஒண்ணரை மாசமாக் கேக்கணும்னு இருந்தேன்."

அவள் முகம் மாறியது. "பின்னாடி பாருங்க்கா."

திருப்பினேன். "20 ஜூன். புஷ்பக்காகிட்ட எதையும் ரெண்டு தடவை கேக்கணும்" என்று எழுதியிருந்தது.

அன்று நான் எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுது என்று சொன்ன விதமும், மாரீஸ்வரியை டீ வாங்க விரட்டியதும் அவளுக்கு அப்போதே உறுத்தியிருக்கிறது.

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க சொல்லீருவீங்களோன்னு பயமுங்க்கா. சொன்னீங்கன்னா எல்லாத்தையும் மறுபடியும் முதல்ல இருந்து பண்ணோணும். எங்க ஆபீசுல தேதி குடுத்துட்டனே. அதான் கேக்காம உட்டுட்டேன். அன்னைக்குத் தப்பு என்னோடதுன்னு சார்கிட்ட சொன்னது சும்மா இல்லீங்க்கா."

அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இருவருக்கும் தெரிந்தே இருந்தது. என்ன ஜோடி நாங்கள்! இருவரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

பிறகு அவள், தன் வீட்டுக்கும் ஒரு தினசரி காலண்டர் வேண்டும் என்றாள். ஆப்பில் போடட்டுமா என்று கேட்டாள். நான் விடவில்லை. பீரோவிலிருந்து பழைய காகித ஃபாரம் ஒன்றை எடுத்து, பெயர், விலாசம் எழுதினேன். படம், மயில் வலது பக்கம் பார்க்கிற முருகன். பேச்சியம்மாளின் காதிலிருந்து பென்சிலை உருவி, வலது மூலையில் ஒரு குட்டி வீடு வரைந்தேன்.

கோகிலா குனிந்து அந்த மூலையைப் பார்த்தாள். இது என்ன என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.